முட்டை வரைக்கும் போகிற பசி

பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்காருவதுதான் என் வேலையின் முதல் பகுதி. உள்ளே இருப்பது காபி இல்லை. இளஞ்சூடான உப்புக்கரைசலில் நாற்பது ஐம்பது மாட்டுச் சினைப்பைகள். பெல்ஜியத்தில் ஜனவரி மாதம் காலை எட்டு மணிக்கும் விடிந்திருக்காது. இறைச்சிக்கூடத்தின் பின்வாசலில் ரப்பர் பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியின் ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு, பச்சைக் குழந்தையைப் போல அந்தப் பிளாஸ்க்கை அணைத்துக்கொள்வேன். வழியில் சூடு இறங்கிவிட்டால் அன்றைய முட்டைகளை நம்ப முடியாது. வண்டி ஓட்டும் சக ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். அவருக்கு மாடு என்றால் பண்ணை. எனக்கு மாடு என்றால் வீட்டில் ஓர் ஆள்.

ஆய்வகம் வந்ததும் கரைசலை வடித்து, சினைப்பைகளைக் கழுவி, ஒவ்வொன்றாகக் கையில் எடுப்போம். பெரிய நெல்லிக்காய் அளவு இருக்கும், வழுக்கும். மேல்பரப்பில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் தெரியும். அவைதான் நுண்பைகள். 2 மில்லிமீட்டர் முதல் 8 மில்லிமீட்டர் வரை இருப்பவையே எங்களுக்கு வேண்டும். அதைவிடச் சின்னதில் முட்டை தயாராகியிருக்காது. பெரியதில் ஏற்கெனவே வேறு கதை தொடங்கியிருக்கும். 18ஆம் எண் ஊசியை, கொப்புளத்தின் மேலேயே குத்தாமல், பக்கவாட்டுச் சதை வழியாக உள்ளே செலுத்தி மெல்ல உறிஞ்ச வேண்டும். மேலே குத்தினால் கொப்புளம் உடைந்து திரவம் முகத்தில் அடிக்கும். முதல் வாரம் முழுவதும் எனக்கு அப்படித்தான் அடித்தது. சிரிஞ்சில் வரும் திரவம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். பத்து நிமிடம் குழாயில் நிறுத்தி வைத்தால் கனமானவை அடியில் தங்கும். அந்த அடித்தங்கலைத் தட்டில் ஊற்றி நுண்ணோக்கியின் கீழே வைத்தால் முட்டைகள் தெரியும்.

மாட்டின் முட்டை ஏறத்தாழ 120 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதைச் சுற்றிச் சிறு செல்கள் பல அடுக்குகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். கியூமுலஸ் செல்கள் என்று பெயர். நல்ல முட்டை என்றால் அந்த உறை நெருக்கமாக, நன்றாகப் பிடித்த ரவா உருண்டை மாதிரி இருக்கும். உதிர்ந்து கிடந்தால் தள்ளிவிடுவோம். நடுவில் இருக்கும் முட்டையோ கரும்பழுப்பு. எலியின் முட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் மாட்டு முட்டையை முதலில் பார்க்கும்போது அது கெட்டுப்போயிற்றோ என்று கேட்பார்கள். எலியினுடையது கண்ணாடி போல இருக்கும். மாட்டினுடையது இருண்டிருப்பதற்குக் காரணம் கொழுப்பு. முட்டைக்குள்ளேயே துளித்துளியாகக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் முதிராத முட்டை ஒன்றுக்குள் இருக்கும் கொழுப்பு அமிலத்தை அளந்திருக்கிறார்கள்: பன்றிக்கு ஏறத்தாழ 161 நானோகிராம், செம்மறிக்கு 89, மாட்டுக்கு 63. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பொருளுக்குள் எடைபோடும் அளவுக்குக் கொழுப்பு என்பதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை.

இந்த முட்டைகளை 38.5 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதக் கரியமில வாயுவில், சுமார் 24 மணி நேரம் வளர்க்கிறோம். வளர்ப்பது என்றால் பெருக்குவது இல்லை, முதிரச் செய்வது. அந்த மாடு தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே தொடங்கிப் பாதியில் நிறுத்திவைத்த செல் பிரிவை இந்த ஒரே நாளில் முட்டை மறுபடி தொடங்கி, அடுத்த நிறுத்தம் வரைக்கும் போகிறது. சுற்றியுள்ள கியூமுலஸ் உறை பசைபோல விரிந்து பொங்கும். மறுநாள் உறைவிந்தைச் சேர்க்கிறோம். ஏழெட்டு நாள் கழித்து நடுவில் நீர்க்குழியும் ஓரத்தில் செல் திரளுமாக ஒரு கருப்பந்து கிடைக்கிறது. அதுதான் பிளாஸ்டோசிஸ்ட். நூறு முட்டை வைத்தால் முப்பது, நாற்பது கிடைத்தால் நல்ல வாரம். முட்டை முதிர்வதற்கு நாங்கள் ஊற்றும் அடிப்படைக் கரைசல், கனடாவின் கானாட் ஆய்வகத்தில் பிறந்து, போலியோ தடுப்பூசிக்கு வைரஸ் வளர்க்கப் பயன்பட்ட அதே '199'. மாட்டு முட்டைக்கென்று யாரும் அதைச் செய்யவில்லை.

1981இல் அமெரிக்காவில் வெர்ஜில் என்ற காளைக்கன்று பிறந்தது. உடலுக்கு வெளியே கருவாகிப் பிறந்த முதல் கன்று அது. ஆனால் அந்த முட்டை தாயின் உடலிலேயே முதிர்ந்தது. முட்டையை முதிர்ச்சியிலிருந்தே வெளியில் வளர்ப்பது பிறகுதான் கைகூடியது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. விந்தைச் சேர்ப்பது எளிது. அந்த ஒரு நாளைச் சரியாகச் சமைப்பது கடினம்.

என் பங்குக்கு நான் பார்ப்பது அந்த ஒரு நாளில் முட்டை என்ன கொழுப்பைச் சாப்பிடுகிறது என்பதை.

இதற்கு நான் எப்படி வந்தேன் என்று கேட்டால் ஒரு செவலை மாட்டைச் சொல்ல வேண்டும். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டில் இருந்த ஜெர்சிக் கலப்பினம். கன்று ஈன்ற மாதத்தில் காலையும் மாலையுமாகப் பதினாறு லிட்டர் கறந்தது. சொசைட்டியில் அம்மாவுக்கு அந்த மாதம் தனி மரியாதை. ஆனால் மாட்டைப் பார்த்தால் விலா எலும்பு எண்ணலாம். பருவத்துக்கு வந்தது, சினை ஊசி போட்டோம், நிற்கவில்லை. இருபத்தோராம் நாள் மறுபடி கத்தியது. நான்கு முறை இப்படி. ஊசி போட வருபவர் விந்துக்குச்சியைக் குறை சொன்னார். பக்கத்து வீட்டு மாமா நாள் கிழமையைக் குறை சொன்னார். அம்மா மட்டும், "தின்கிற தீவனத்திலிருந்து கறந்தால் பரவாயில்லை கண்ணு, இது தன் உடம்பிலிருந்து கறக்கிறது" என்றார். பாட்டி காலத்துக் காங்கேயம் பசு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் தராது, ஆனால் ஊசி போட்டுத் தவறியதில்லை என்பது அவருடைய சாட்சியம்.

பல ஆண்டுகள் கழித்துப் பாடப்புத்தகத்தில் அம்மா சொன்னதை வேறு பெயரில் படித்தேன். கன்று ஈன்றதும் பால் கிடுகிடுவென்று ஏறுகிறது. தீனி அதே வேகத்தில் ஏறுவதில்லை. இடையில் விழும் பள்ளத்தை நிரப்ப மாடு தன் உடல் கொழுப்பை உடைக்கிறது. உடைந்து வந்த கொழுப்பு அமிலங்கள், கொழுப்பாகக் கட்டுப்படாமல் தனித்தனியாக, இரத்தத்தில் அலைகின்றன. இதில் எல்லோருக்கும் வரும் கேள்வி: இரத்தத்தில் அலைவது முட்டைக்கு எப்படித் தெரியும்?

பெல்ஜியத்தின் கென்ட் நகரில் யோ லெராய் குழுவினர் இதை நேராகவே அளந்தார்கள். கன்று ஈன்ற கறவை மாடுகளின் நுண்பைத் திரவத்தை உறிஞ்சி எடுத்துப் பார்த்தால், அதிலும் அந்தக் கொழுப்பு அமிலங்கள் இருந்தன. இரத்தத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாக. அதாவது ஒரு வடிகட்டி இருக்கிறது. ஆனால் அது முழுச்சுவர் இல்லை. அதிகம் இருந்தவை மூன்று: ஒலியிக், பால்மிடிக், ஸ்டியரிக். பிறகு, மாட்டில் அளந்த அதே அளவுகளில் இவற்றை ஒவ்வொன்றாக ஆய்வகத் தட்டில் முட்டைகளுக்குக் கொடுத்தார்கள். பால்மிடிக்கும் ஸ்டியரிக்கும் சேர்த்த தட்டுகளில் முதிர்ச்சி, கருவாக்கம், பிளவு, பிளாஸ்டோசிஸ்ட் எல்லாமே குறைந்தன. சுற்றியிருந்த கியூமுலஸ் செல்கள் அதிகமாக மடிந்தன. ஒலியிக் கொடுத்தவற்றில் மாற்றம் இல்லை. 2005இல் இந்தக் கட்டுரை வந்தது. நான் இதைப் படித்தது ஒரு ரயிலில். படித்து முடித்ததும் எனக்கு எங்கள் செவலை நினைவுக்கு வந்தது.

கால விஷயமும் ஒன்று இருக்கிறது. ஒரு நுண்பை முழுதாக வளர்ந்து முட்டையை வெளியிட ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். ஜாக் பிரிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஈன்ற முதல் வாரங்களில் மாடு பட்ட பசியின் தழும்பு, இரண்டு மூன்று மாதம் கழித்து வெளியாகும் முட்டையில் தெரியும். நாம் ஊசி போடுகிற அன்றைக்கு மாடு நன்றாகத்தான் இருக்கும். முட்டைதான் பழைய கணக்கைக் கொண்டுவரும்.

இப்போது அந்த மூன்று பெயர்களைப் பற்றி.

பால்மிடிக் அமிலத்தை வாங்கினால் வெள்ளைச் சீவலாக வரும். மெழுகுவர்த்தியைச் சுரண்டினது போல. அது உருக 63 டிகிரி வேண்டும். ஸ்டியரிக் 69. ஒலியிக் அமிலமோ அறை வெப்பத்திலேயே எண்ணெய். மூன்றும் நீளத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்: பால்மிடிக்கில் 16 கார்பன், மற்ற இரண்டிலும் 18. வேறுபாடு ஒலியிக்கின் நடுவில் இருக்கும் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு. அந்த இடத்தில் சங்கிலி முழங்கை போல மடங்குகிறது. மடங்காதவை விறகுக்கட்டு போல நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். மடங்கியவை அடுக்கில் உட்காராது. என் சமையலறை ஜன்னலில் இங்கே வருடத்தில் பாதி நாள் தேங்காய் எண்ணெய் உறைந்து வெள்ளைக் கல்லாக நிற்கும். பக்கத்தில் ஆலிவ் எண்ணெய் தளதளவென்று இருக்கும். மார்கழியில் நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெயில் இருப்பது பெரும்பாலும் வேறொரு அமிலம், குட்டையானது. ஆனால் உறைவதற்கான நியாயம் இதே நியாயம்தான். நிறைவுற்றது, நிறைவுறாதது என்று பாடத்தில் படித்ததை நான் உண்மையில் புரிந்துகொண்டது அந்த ஜன்னலில்.

செல்லுக்குள் போனால் இந்த வேறுபாடு பெரிதாகிறது. கொழுப்பு அமிலம் கட்டின்றி அலைவது செல்லுக்கு ஆகாது. அதை மூன்று மூன்றாகச் சேர்த்து, கொழுப்புத்துளியாக உருட்டி ஒதுக்கி வைத்தால் ஆபத்து இல்லை. ஒலியிக் அமிலம் இப்படி உருட்டுவதற்கு இசையும். பால்மிடிக் எளிதில் இசையாது. சவ்வுகளில் போய் அமரும், புரதம் மடிக்கிற உள்வலைக்கு நெருக்கடி தரும், மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹில்டே ஆர்டெமா குழுவினர் 2011இல் காட்டியது இதைத்தான், கொஞ்சம் எதிர்பாராத வடிவில். பால்மிடிக், ஸ்டியரிக் கொடுத்த முட்டைகளில் கொழுப்புத்துளிகள் குறைந்தன. கருவாகும் திறனும் குறைந்தது. ஒலியிக் கொடுத்தவற்றில் கொழுப்புத்துளிகள் கூடின, திறனும் கூடியது. கெட்டதையும் ஒலியிக்கையும் சேர்த்துக் கொடுத்தால் கெட்டதன் வேகம் அடங்கியது. கொழுப்பு கூடிய முட்டை நன்றாக இருக்கிறது, குறைந்த முட்டை வாடுகிறது. கொழுப்பு என்றாலே கேடு என்று நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இந்த ஒரு முடிவைத்தான் நான் முதலில் சொல்வேன்.

உடனே ஒலியிக் அமிலத்துக்கு மாலை போடுகிறவர்களும் உண்டு. "அப்படியென்றால் ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டால் போதுமா" என்று குழந்தைக்காகக் காத்திருக்கும் தோழிகள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் மாட்டு மருத்துவம் படித்தவள். ஆனால் மாட்டு முட்டையிலேயே கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. அதே 2011இல் வீர்லே வான் ஹூக் உள்ளிட்ட பெல்ஜியக் குழு மூன்றையும் கலந்து கொடுத்துப் பார்த்தது. சாதாரண மாட்டின் நுண்பைக்கு ஒத்த அளவு மொத்தம் 72 மைக்ரோமோலார் (கரைசலில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அலகு). பசியில் இருக்கும் மாட்டுக்கு ஒத்த அளவு 425. அதில் ஒலியிக் 200, பால்மிடிக் 150, ஸ்டியரிக் 75. ஒலியிக்தான் அதிகம், கவனியுங்கள். இருந்தும் பிளாஸ்டோசிஸ்ட் குறைந்தது. கிடைத்தவற்றிலும் செல் எண்ணிக்கை குறைவு, மடியும் செல்கள் அதிகம், ஆக்சிஜன் எடுப்பது குறைவு. அந்தக் கலவையில் முட்டை இருந்தது ஒரே ஒரு நாள். அதன் பிறகு எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே கரைசல். ஒரு வாரம் கழித்துப் பிறந்த கருவில் அந்த ஒரு நாள் தெரிகிறது. எனக்கு இந்தத் துறையில் பயம் என்று ஒன்று வந்தது இதைப் படித்தபோதுதான்.

உட்ரெக்ட் சரியா, பெல்ஜியம் சரியா என்று கேட்டால் இரண்டும் சரி. அளவு வேறு, கலவை வேறு, கரைசல் வேறு. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்களே, முட்டை வளர்ப்பில் ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் ஒரு பாட்டு இருக்கிறது.

என் பாட்டு ஒரு முறை சுதி பிசகியது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கொழுப்பு அமிலம் தண்ணீரில் கரையாது. பால்மிடிக் சீவலை முதலில் எத்தனாலில் கரைத்து, அந்தத் துளியை ஆல்புமின் கலந்த கரைசலில் விட வேண்டும். ஆல்புமின் என்பது மாட்டின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரதம். உடலிலும் கொழுப்பு அமிலத்தைச் சுமப்பது அதன் வேலைதான். ஒரே மூலக்கூறு பலவற்றைத் தூக்கும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் வெள்ளை நூலாகத் திரிந்துவிடும், புளித்த பாலைக் கொதிக்க வைத்தது போல. சொட்டுச் சொட்டாக, இளஞ்சூட்டில், சுழற்றிக்கொண்டே விட்டால் தெளிவாக நிற்கும். ஒப்பீட்டுத் தட்டுக்கு எத்தனால் மட்டும் அதே அளவு விட வேண்டும். வழக்கமாகக் கரைசலின் மேல் ஊற்றும் பாரஃபின் எண்ணெயை இந்தச் சோதனைகளில் நான் தவிர்த்துவிடுவேன். எண்ணெயில் கரையும் பொருளைக் கீழே கொடுத்துவிட்டு மேலே எண்ணெயை மூடினால் அது யாரிடம் போய்ச் சேரும்?

இவ்வளவு கவனமாக இருந்தவள்தான் ஆல்புமினில் கோட்டைவிட்டேன். இரண்டு வகை உண்டு. சாதாரணமானது, ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த கொழுப்பு அமிலங்கள் பலவும் அதிலேயே ஒட்டியிருக்கும். இன்னொன்று கொழுப்பு நீக்கியது. கரித்தூளைக் கொண்டு சுத்தப்படுத்தியது, விலை அதிகம். பட்டியலில் இரண்டின் எண்ணும் அடுத்தடுத்து இருந்தன. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் புதுப் புட்டி வாங்கும் முறை எனக்கு வந்தது. அன்று கண்ணை எங்கே வைத்திருந்தேனோ, சாதாரணத்தை வாங்கிவிட்டேன்.

அடுத்த ஆறு வாரம் ஆய்வகத்தில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பால்மிடிக் தட்டு வழக்கம்போலக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் ஒப்பீட்டுத் தட்டு, எதுவும் சேர்க்காத தட்டு, கீழே இறங்கி அதன் பக்கத்தில் வந்து நின்றது. தண்ணீரைச் சந்தேகப்பட்டோம். விந்தை மாற்றினோம். இன்குபேட்டரின் வாயுவை அளந்தோம். நடைவழியில் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த வாசனையைக்கூடச் சந்தேகப்பட்டோம். அது பைத்தியக்காரத்தனம் இல்லை, கரு வளர்ப்பவர்கள் எல்லோரும் பெயின்டுக்குப் பயப்படுவார்கள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குளிர்ப்பெட்டியைத் துடைக்கும்போது, பழைய புட்டியும் புதிய புட்டியும் என் இரண்டு கைகளிலும் இருந்தன. எண்ணில் ஓர் இலக்கம் வேறு.

சாதாரண ஆல்புமின் விஷம் இல்லை. அன்றாடக் கரு வளர்ப்புக்கு அதையே பயன்படுத்தி நன்றாக இருக்கும் ஆய்வகங்கள் எத்தனையோ. என் சோதனைக்குத்தான் அது ஆகாது. கொழுப்பு இல்லை என்று நான் எழுதி வைத்த தட்டில் கணக்கில் வராத கொழுப்பு ஏறியிருந்தது. ஆறு வாரச் சினைப்பைகள், ஆறு வாரக் காலை இருட்டு, எல்லாம் போயின. சரியான புட்டி வந்ததும் ஒப்பீட்டுத் தட்டு மேலே ஏறியது. தவறான புட்டியை எறிய மனமில்லாமல், நிறமேற்றும் வேலைகளுக்கு வைத்துக்கொண்டேன். மூடியில் தமிழில் "அது இது இல்லை" என்று எழுதியிருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று இங்குள்ளவர்கள் கேட்டால் மருந்தின் பெயர் என்பேன்.

அந்த ஆறு வாரத்தில் ஒரே ஒரு நன்மை நடந்தது. வேறு வேலை இல்லாததால் கியூமுலஸ் செல்களை நிறமேற்றிப் பார்க்கத் தொடங்கினேன். கொழுப்புத்துளியைப் பச்சையாக ஒளிரச் செய்யும் சாயம் இருக்கிறது. கொழுப்பு அமிலம் அதிகம் கொடுத்த தட்டில் முட்டை பச்சையாக மின்னும் என்று எதிர்பார்த்து விளக்கைப் போட்டால், முட்டை கிட்டத்தட்டப் பழையபடி இருந்தது. அதைச் சுற்றியிருந்த செல்கள்தாம் பச்சைப் பட்டாணித் தோரணம் போலப் பளிச்சென்று இருந்தன. உட்ரெக்ட் குழு 2013இலேயே இதை எழுதியிருந்தது: கியூமுலஸ் செல்கள் வருகிற கொழுப்பைத் தாங்களே விழுங்கித் தங்களுக்குள் அடைத்துக்கொண்டு முட்டையைக் காக்கின்றன. அதோடு, அவற்றிடம் ஒரு நொதி இருக்கிறது; ஸ்டியரிக் அமிலத்தில் அந்த ஒரு முழங்கை மடிப்பைப் போட்டு ஒலியிக்காக மாற்றிவிடும். படித்தது வேறு. விளக்கைப் போட்டுப் பார்த்தது வேறு. அன்று அந்த அறையில் வெகுநேரம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உறையை உரித்துவிட்டு வெறும் முட்டையை மட்டும் அதே கரைசலில் விட்டால் இந்தத் தடுப்பு இருக்காது. அதனால்தான் முதல் நாள் தட்டில் உதிர்ந்த உறை உள்ளவற்றைத் தள்ளிவிடுகிறோம். அழகு பார்த்துப் பொறுக்குவது போலத் தோன்றும். உண்மையில் காவல் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

மற்றக் கொழுப்பு அமிலங்களைப் பற்றிக் கொஞ்சமாகச் சொல்லி நகர்கிறேன். சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்திருக்கும் லினோலியிக் அமிலத்தை முட்டைக்குக் கூடுதலாகக் கொடுத்தால் உறை விரிவது தடைபடுகிறது, முதிர்ச்சி தாமதமாகிறது. ஆளிவிதையில் மிகுந்திருக்கும் லினோலெனிக் அமிலம், 50 மைக்ரோமோலார் அளவில் முதிர்ச்சியைக் கூட்டியது; அளவை ஏற்றியதும் அதுவே கெடுத்தது. இரண்டும் லண்டனில் வலீத் மரெய் உள்ளிட்டோர் 2009, 2010 ஆண்டுகளில் காட்டியவை. பெயரில் ஓரெழுத்து, வடிவில் ஒரு மடிப்பு, அவ்வளவுதான் வேறுபாடு. இன்னொன்று, முட்டை இந்தக் கொழுப்பை வெறுமனே சேமிப்பதில்லை, எரிக்கவும் செய்கிறது. எரிப்பதற்காக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் கதவை ஒரு மருந்தால் அடைத்தால் முதிர்ச்சி கெடுகிறது. அந்தக் கதவுக்கு வண்டி ஓட்டும் கார்னிட்டினைச் சிலர் கரைசலில் சேர்க்கிறார்கள். நானும் சேர்த்துப் பார்த்தேன். பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரான சீரம் என்று ஒன்றைப் பலர் தாராளமாக ஊற்றுவார்கள். முட்டைக்கும் கருவுக்கும் கொழுகொழுவென்று கொழுப்பு சேரும். புதிதாகவே கருப்பையில் வைப்பதென்றால் சமாளிக்கலாம். உறைய வைத்து எடுத்தால் அந்தக் கரிய கருக்கள்தான் முதலில் சாகும். 1995இல் நகாஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளரின் குழு பன்றிக் கருவிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு உறையவைத்துக் காட்டியது; பிழைத்தது. ஆக, நேற்று முட்டையைக் காத்த கொழுப்புத்துளி, நாளைக்கு உறைகலனில் அதற்கே எமன்.

இதையெல்லாம் மாட்டுக்கொட்டகைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆளிவிதையைத் தீவனத்தில் கலந்தால் அந்த லினோலெனிக் நேராக முட்டைக்குப் போகாது. நடுவில் அசைபோடும் வயிறு இருக்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் இரட்டைப் பிணைப்புகளை நிரப்பி, நிறைவுறாததை நிறைவுற்றதாக்கிவிடும். அதைத் தாண்டிப் போவதற்குத்தான் கால்சியம் சேர்த்த 'பைபாஸ்' கொழுப்பு விற்கிறார்கள். அதில் பெரும்பாலானவை பாமாயிலிலிருந்து செய்தவை, அதாவது பால்மிடிக் நிறைந்தவை. உடனே அதை நிறுத்திவிடாதீர்கள். பசித்த மாட்டுக்கு அது தரும் ஆற்றல், மாடு தன் உடம்பை உடைப்பதைக் குறைக்கும் என்பதற்காகத்தான் கொடுக்கிறார்கள். தட்டில் உள்ள பால்மிடிக்கும் தொட்டியில் உள்ள பால்மிடிக்கும் ஒன்றில்லை. நான் தட்டை மட்டும் பார்க்கிறவள். தொட்டியைப் பற்றி அடித்துச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

ஆனாலும் அம்மா கேட்டால் சொல்லத்தானே வேண்டும். செவலை போய்விட்டது, அதன் பேத்தி இப்போது சினையாக இருக்கிறது, ஈனுவதற்கு இன்னும் ஆறு வாரம். போன ஞாயிறு இங்கே மாலை ஐந்தரை, அங்கே இரவு பத்து. என்ன புண்ணாக்கு வாங்குவது என்று அம்மா கேட்டார். புண்ணாக்கை விடுங்கள், முதலில் மாடு எப்படி இருக்கிறது, ஒல்லியா, தடியா என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அம்மாவுக்கு எல்லா மாடும் நன்றாகத்தான் இருக்கும். ஈனும்போது எலும்பும் ஆகக்கூடாது, கொழுத்தும் போகக்கூடாது, கொழுத்த மாடுதான் ஈன்ற பிறகு தீனியைக் குறைத்துக்கொண்டு இன்னும் வேகமாகக் கொழுப்பை உடைக்கும் என்று விளக்கினேன். வால் அடியில் இரண்டு பக்கமும் குழி விழுந்திருக்கிறதா, கையை வைத்தால் எலும்பு தட்டுகிறதா என்று கேட்டேன்.

"இரு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று போனை எடுத்துக்கொண்டே கொட்டகைக்குப் போய்விட்டார். வீடியோவில் முதலில் இருட்டு, பிறகு டார்ச் வெளிச்சம், வைக்கோல், ஒரு கண். "குழி லேசாக இருக்கிறது. விலாவும் எண்ணட்டுமா?" எண்ணுங்கள் என்றேன். "ஒன்று, இரண்டு... ஏய், நில்லு... மூன்று. அது திரும்பிவிட்டது கண்ணு. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்."